ஸ்லீப்பர் பெர்த்தும் சம்பளத்தோடு லீவும்: ஒரு வரலாறு

வடக்குப்பட்டு என்ற பெயரை 2022-க்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரம் தாண்டி அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி தோண்டியது. கற்காலக் கருவிகளும் பழைய பானை ஓடுகளும் கிடைத்தன. பேப்பரில் படமெல்லாம் வந்தது. ஆனால் ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் அந்தக் குழியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஷிப்ட் பஸ், கேண்டீன், ரூம் வாடகை, அப்புறம் லீவு.

பொங்கலுக்கோ ஆயுத பூஜைக்கோ இரண்டு நாள் முன்னால் ஒரகடம் கூட்ரோட்டில் நின்று பார்த்தால் இது புரியும். திருநெல்வேலி, ராமநாதபுரம் பையன்கள் ஒருபக்கம். பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் இன்னொரு பக்கம். எல்லோர் முதுகிலும் ஒரே மாதிரி பை. தாம்பரத்துக்கோ, சிங்கப்பெருமாள்கோவிலுக்கோ, செங்கல்பட்டுக்கோ போகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வார்கள். ஏனென்றால் இத்தனை கம்பெனிகள் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஆவடியிலிருந்து இந்தப் பக்கமாகப் புது லைன் போடும் பேச்சு பல வருடமாக சர்வேயிலேயே இருக்கிறது. மேற்கே வாலாஜாபாத்தில் ஸ்டேஷன் உண்டு. ஆனால் இந்தத் தொழிற்பேட்டையைப் பொறுத்தவரை அங்கே முக்கியமாக ரயில் ஏறுவது ஆட்கள் இல்லை, கார்கள்! அந்தக் கதை கடைசியில் வரும்.

லீவுக்கு ஊருக்குப் போவது, அதுவும் ராத்திரி ரயிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவது என்பது இன்றைக்குச் சாதாரண விஷயம் போலத் தெரிகிறது. அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, சம்பளம் பிடிக்காத லீவு. இன்னொன்று, படுக்க ஒரு பலகை. இந்த இரண்டும் இந்தியாவில் சாதாரணத் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கிடைத்தன. அதுவும் ரொம்பப் பழைய காலம் இல்லை, நம் தாத்தாக்களின் காலம்.

ரயிலுக்கு முந்தைய நீண்ட பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஏனுகுல வீராசாமியின் 'காசி யாத்திரை சரித்திரம்' உதவும். அவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் பல்லக்கில் கிளம்பினார். கூட ஒரு பெரிய பரிவாரம். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதத்துக்கும் மேல்! அவர் வசதியானவர், மேலதிகாரிகளின் தயவும் இருந்தது. அதெல்லாம் இல்லாதவர்கள் நடந்தார்கள். சத்திரத்தில் படுத்தார்கள். திரும்பி வருவோமா என்பதே நிச்சயம் இல்லாமல் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை (அப்போது அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர்) தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. பங்கு போட்டவர்கள் லண்டன்காரர்கள். நஷ்டம் வந்தாலும் அவர்களுக்கு 5 சதவீதம் வரை வட்டி கிடைக்கும் என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த உத்தரவாதத்தைச் சுமந்தது இந்தியர்களின் வரிப்பணம். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இதைப் படித்தால் வயிறு எரியும். ரிஸ்க் இல்லாத முதலீடு, அதுவும் அடுத்தவன் காசில்!

கம்பெனிகள் முதலில் மேல்வகுப்பு வெள்ளைக்காரர்களையும் சரக்கையும்தான் நம்பியிருந்தன. ஆனால் வண்டியில் வந்து குவிந்தது மூன்றாம் வகுப்புக் கூட்டம். பயணிகளில் மிகப் பெரும்பான்மையானவர்கள் மூன்றாம் வகுப்புதான். பயணிகள் மூலம் வந்த வருமானத்திலும் பெரும்பங்கு அவர்களுடையதுதான். ஆனாலும் முதல் வகுப்புக்கு மெத்தை, படுக்கை, விளக்கு; மூன்றாம் வகுப்புக்கு மரப்பெஞ்சு. கழிப்பறைகூட முதலில் மேல்வகுப்புக்குத்தான் வந்தது. 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி, சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பிவிட்டது. வண்டி நின்ற ஸ்டேஷனில் அவசரமாக இறங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்தார். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதம் டெல்லி ரயில் மியூசியத்தில் இருக்கிறது. இன்றுவரை எல்லோரும் படித்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு வருவது என்னவோ உண்மைதான். ஆனால் வண்டியில் கழிப்பறை இல்லாமல் இரவு பகலாகப் போவது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு ஏழைகளையும் ஒன்றும் நன்றாக வைத்திருக்கவில்லை. அமெரிக்காவில் புல்மேன் படுக்கை வண்டிகள் 1860-களிலேயே பிரபலம். ஐரோப்பாவில் 1883-இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. பிரிட்டனில் முதல் வகுப்புக்கான படுக்கைப் பெட்டி 1873-இல் வந்தது. ஆனால் அங்கேயே மூன்றாம் வகுப்புப் பயணிக்குப் படுக்கை கிடைத்தது 1928-இல்தான். ஐம்பத்தைந்து வருட இடைவெளி! தூக்கம் என்பது டிக்கெட்டின் விலையைப் பொறுத்தது என்பதே அன்றைய உலக நியதி.

இந்தியாவில் மூன்றாம் வகுப்பு இரவு எப்படி இருந்தது என்பதற்கு மிகச் சிறந்த சாட்சி மகாத்மா காந்தி. சாட்சி சொல்லப்பட்டது சென்னை வண்டியைப் பற்றி என்பதால் நமக்கு இன்னும் நெருக்கம். 1917 செப்டம்பர் 12-ஆம் தேதி பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதுவரையிலும் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில்தான் நாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தை அதே மாதம் 25-ஆம் தேதி ராஞ்சியிலிருந்து ஒரு நீண்ட கடிதமாகப் பத்திரிகைகளுக்கு எழுதினார். பிறகு அது சின்னப் புத்தகமாகவும் வந்தது.

அவர் ஏறிய பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. 22 பேரும் உட்காரலாம், அவ்வளவுதான். ஒழுங்காகப் படுக்கிற மாதிரி பலகை எதுவும் கிடையாது. சென்னை வந்து சேர இரண்டு இரவு. பூனா வரை கூட்டம் 22-ஐத் தாண்டவில்லை. காரணம் ரயில்வே இல்லை; உள்ளே இருந்த முரட்டு ஆசாமிகள் மற்றவர்களை ஏறவிடவில்லை! ராய்ச்சூருக்குப் பிறகு அவர்களாலும் முடியவில்லை. கார்டுகள் வந்து எட்டிப் பார்த்தது மேலும் ஆட்களை உள்ளே தள்ளுவதற்குத்தான். ஒரு மேமன் வியாபாரி, தனக்கு இது ரயிலில் ஐந்தாவது ராத்திரி என்று எதிர்த்துப் பேசினார். அவருக்குக் கிடைத்தது அவமரியாதை. அந்த ராத்திரி முக்கால்வாசி நேரம் பெட்டியில் 35 பேர் இருந்தார்கள். சிலர் அழுக்குத் தரையிலேயே படுத்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். ஒரு கட்டத்தில் அடிதடி ஆகியிருக்கும்; வயதானவர்கள் நடுவில் புகுந்து தடுத்தார்கள். இரண்டு நாளில் ஒரு தடவைகூட யாரும் பெட்டியைப் பெருக்கவில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. விற்ற டீயைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் டீ குடிக்கிற ஆசையே போய்விடும் :-)

அந்தக் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். அப்படியானால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கு முதல் வகுப்பு வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, ஏன், பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்று கேட்கிறார். உருக்கமான வேண்டுகோளாக இல்லாமல், காசு கொடுத்த வாடிக்கையாளர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியாக இருக்கிறது. பனியா குடும்பத்தில் பிறந்தவர் என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் யாரும் இன்றைய அர்த்தத்தில் 'லீவில்' போனவர்களாக இருந்திருக்க முடியாது. வியாபாரம், கல்யாணம், சாவு, கோயில், பிழைப்பு இவற்றுக்காகப் போனவர்கள். மில்லில் வேலை பார்த்தவன் ஊருக்குப் போனால் அத்தனை நாளும் சம்பளம் போச்சு. திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்பது மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது.

சம்பளத்தோடு லீவு என்ற யோசனை உலகத்திலேயே அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. 1936-இல் பிரான்சில் பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு எல்லாத் தொழிலாளர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. கூடவே 40 சதவீதத் தள்ளுபடியில் ஒரு விசேஷ ரயில் டிக்கெட்டும் கொடுத்தார்கள். தொழிலாளிகள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். லீவு மட்டும் கொடுத்தால் போதாது, போய்வர வண்டியும் வேண்டும் என்று புரிந்துகொண்ட அரசு அது. அதே வருடம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சம்பளத்தோடு விடுமுறை பற்றி ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது.

இந்தியாவில் அதைச் சட்டமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் டாக்டர் அம்பேத்கர். அரசியல் சட்டத்தோடு மட்டுமே அவரை இணைத்துப் படித்த பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். அவர் கொண்டுவந்த திருத்தம் 1945-இல் சட்டமானது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு 10 நாள் சம்பளத்தோடு லீவு. பத்து நாள்தான். ஆனாலும் லீவு என்பது முதலாளியின் தயவு என்ற நிலைமை அங்கே மாறியது. அதன் பிறகு வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் கணக்கு இன்னும் தெளிவானது: வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் லீவு. இந்த 240 என்ற எண்ணை ஒரகடம் பக்கம் யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

அரசு ஊழியர்களுக்கு 1956 அக்டோபரில் எல்.டி.சி. வந்தது. குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர மத்திய அரசே கட்டணம் கொடுக்கும் சலுகை. நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பங்கள் டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் மெயிலிலும் ஊருக்கு வந்துபோன கதைகளுக்குப் பின்னால் இந்த உத்தரவு இருக்கிறது. தனியார் கம்பெனிக்காரர்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவு வரிவிலக்கு தந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிரிவுக்குப் பின்னால் இப்படி ஒரு மனித ஆசை ஒளிந்திருக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

லீவு வந்தாயிற்று. பலகை?

அது வந்தது பெரம்பூரிலிருந்து. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எஃப். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் என்ற இடத்துக் கம்பெனியுடையது. அதுவரை ஓடிய பல பெட்டிகள் மர உடம்பு கொண்டவை. விபத்து என்றால் நொறுங்கிவிடும். பெரம்பூர் செய்தது முழுக்க எஃகை வெல்டிங் செய்து இணைத்த கூடு. அந்தத் தொழிற்சாலை முதலில் செய்யத் தொடங்கியது மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் கூடுகளை. உள்ளே பெஞ்சு, பெர்த், ஃபேன் பொருத்தும் பிரிவு 1962-இல் வந்தது.

மூன்றாம் வகுப்புக்கும் படுக்கை வேண்டும் என்ற முடிவும் 1950-களில்தான் வந்தது. முதலில் சில வண்டிகளில், பிறகு மெதுவாக எல்லா நீண்ட தூர வண்டிகளிலும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்த வடிவமைப்பு ஓர் அபாரமான சிக்கனம். பகலில் எட்டுப் பேர் உட்காருகிற இடத்தில் ராத்திரி எட்டுப் பேர் படுக்க வேண்டும். பெட்டியை நீட்ட முடியாது. அதனால் உயரத்தைப் பங்கு போட்டார்கள். பகலில் முதுகு சாய்கிற பலகையையே ராத்திரி தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் மிடில் பெர்த். ஓர் அறைக்கு எதிரெதிரே ஆறு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு, ஆக எட்டு. ஒன்பது அறைக்கு 72. டிக்கெட் எண்ணை எட்டால் வகுத்து மீதி பார்த்து லோயரா, அப்பரா என்று சொல்லிவிடுகிற தாத்தா ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர், கால் நீட்ட முடியாது, விதி.

ஆனால் அது வெறும் மரப்பலகை. அதனால்தான் பழைய படங்களில் எல்லோர் கையிலும் ஒரு ஹோல்டால் இருக்கும். மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டி எடுத்துப் போக வேண்டும். கூடவே ஒரு கூஜா தண்ணீர், இரண்டு நாளைக்குக் கெடாத புளியோதரை, இட்லி மிளகாய்ப்பொடி. காந்தி பார்த்த டீயின் ஞாபகம் தலைமுறைகளாக இருந்திருக்கும் போல!

1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். அதுவே இரண்டாம் வகுப்பு ஆனது. பெயர் மாறியது, பலகை மாறவில்லை. அதை மாற்றியவர் மது தண்டவதே. 1977-இல் ஜனதா அரசில் ரயில்வே அமைச்சராக வந்த சோஷலிஸ்ட். இரண்டாம் வகுப்புப் பலகைகள் மேல் இரண்டு அங்குல ஃபோம் போடச் சொன்னார். அந்த டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவே முதல் வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸையும் ஓடவிட்டார். அவர் பதவியில் இருந்தது இரண்டு வருடத்துக்கும் கொஞ்சம் அதிகம். அரசு கவிழ்ந்தது, ஃபோம் நின்றது. அடுத்த பத்து வருடத்தில் நாடு முழுக்கப் பலகைகள் மெத்தையாயின. இந்திய அரசியல்வாதிகளில் இத்தனை கோடிப் பேரின் முதுகுக்கு நேரடியாக நல்லது செய்தவர் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம்.

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. இருக்கிற இடத்தில் இன்னும் ஓர் ஆளை நுழைக்கும் ஆசை ரயில்வேக்கு எப்போதும் உண்டு. 2007 வாக்கில் லாலு பிரசாத் காலத்தில் சைடிலும் ஒரு மிடில் பெர்த் சொருகினார்கள். 72 இருந்த இடத்தில் 81. கணக்குப் புத்தகத்தில் அழகாக இருந்திருக்கும். படுத்தவர்கள்தான் பாவம், திரும்பிப் படுக்க முடியாது. புகார்கள் குவிந்து, 2009-இல் அவற்றைக் கழற்றும்படி ஆனது. 2020-இல் கொரோனா வந்தபோது நிலைமை தலைகீழ். மே 1-ஆம் தேதி முதல் ஓடிய ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில், தொடக்கத்தில் மிடில் பெர்த்தை விட்டுவிட்டு ஒரு பெட்டிக்கு 54 பேரை மட்டும் ஏற்றினார்கள். பத்து நாளில் மறுபடி முழுசாக நிரப்ப ஆரம்பித்தார்கள். வேலை போய், கையில் காசு இல்லாமல் ஊர் திரும்பியவர்களுக்குத்தான் ஸ்லீப்பரில் அந்தக் கொஞ்ச நாள் தாராள இடம் கிடைத்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

மறுபடி ஒரகடம் கூட்ரோட்டுக்கு வருவோம். அந்த 240 நாள் கணக்கு இங்கேதான் இடிக்கும். கம்பெனி ரோலில் இருப்பவருக்குச் சட்டப்படி லீவு உண்டு. காண்ட்ராக்டிலும் டிரெயினியாகவும் வருபவர்கள் பலர் ஒரே இடத்தில் அத்தனை நாள் இருப்பதே இல்லை. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240-ஐ 180-ஆகக் குறைத்திருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளி ஊருக்குப் போய்வர வருடத்துக்கு ஒரு முறை கட்டணம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது புதிதும் இல்லை. காண்ட்ராக்டர் மூலம் வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்குப் போக வர டிக்கெட் காசும், ரயிலில் இருக்கிற நாளுக்குச் சம்பளமும் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ரயிலில் தூங்குகிற நாளும் வேலை நாள்தான்! தொழிலாளர் சட்டங்களில் இவ்வளவு அழகான பிரிவு இன்னொன்று இருக்குமா தெரியாது. அப்படிச் சம்பளம் வாங்கிய ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பலகைப் பக்கமும் சிக்கல். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோது வரிசையில் நிற்கிற தொல்லை போயிற்று என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வரிசை போய்விட்டது உண்மைதான். இப்போது பொங்கல் டிக்கெட் காலை 8 மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் காலி. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 60 நாள். அறுபது நாள் முன்னால் தனக்கு எந்தத் தேதியில் லீவு என்று ஆபீஸ் வேலைக்காரருக்குத் தெரியும். ஷிப்ட் பட்டியல் வாரா வாரம் மாறுகிற காண்ட்ராக்ட் பையனுக்கு எப்படித் தெரியும்? லீவு உறுதியாகும்போது பெர்த் போயிருக்கும்.

இன்னொரு பக்கம் பெர்த்துகளே குறைகின்றன. 1993-இல் ஏசி மூன்றடுக்கு வந்தபோது அது கூடுதல் வசதி. இப்போது பல வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏசி பெட்டிகளைச் சேர்த்துவிட்டார்கள். ரயில்வே பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்று 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். மீதியைச் சரக்கு ரயில்தான் சுமக்கிறது. ஏசியில் நஷ்டம் குறைவு. எந்த மேனேஜரும் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். ஆனால் ஸ்லீப்பரில் இடம் கிடைக்காதவர் ஏசிக்கு மாறுவார் என்பது மேனேஜரின் கணக்கு. ஒரகடத்துப் பையன் மாறுவது முன்பதிவில்லாத பொதுப் பெட்டிக்கு.

அதில் என்ன வித்தியாசம், ஒரு ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பாஹாநாகா பஜாரில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். முன்னால் இருந்த பொதுப் பெட்டிகளில் வந்தவர்களில் பலர் தெற்கே வேலைக்குக் கிளம்பியவர்கள். முன்பதிவுப் பெட்டி என்றால் சார்ட்டில் பெயர், வயது, பெர்த் எண் இருக்கும். பொதுப் பெட்டியில் யார் ஏறினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. புவனேஸ்வர் எய்ம்ஸில் டி.என்.ஏ. பரிசோதனை செய்து ஒவ்வொருவராக அடையாளம் கண்டார்கள். நான்கு மாதம் கழித்தும் யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் தகனம் செய்தார்கள். இருபத்தெட்டுப் பேரும் ஏதோ ஓர் ஊரில் யாருக்கோ போன் செய்து வண்டி ஏறிவிட்டேன் என்று சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக அந்த வாலாஜாபாத் கதை.

பெரம்பூரில் பழைய மாதிரிப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்து முடித்திருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக வருபவை ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகள், அதில் ஸ்லீப்பருக்கு 80 பெர்த். வயதாகிப் பயணிகள் சேவையிலிருந்து கழித்த பழைய பெட்டிகளை எல்லாம் உடனே உடைத்துவிடுவதில்லை. சிலவற்றை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி பெர்த், கழிப்பறை, ஃபேன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். ஜன்னல்களை இரும்புத் தகடு வைத்து அடைப்பார்கள். இரண்டு முனையிலும் அகலமான கதவு வைப்பார்கள். என்.எம்.ஜி. என்று பெயர். கார் ஏற்றுகிற வேகன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் செய்கிற கார்கள் வாலாஜாபாத்துக்கு வந்து இப்படிப்பட்ட வேகன்களில் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி வடக்கே போகின்றன. கார் ஒவ்வொன்றையும் நகராமல் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். உள்ளே ஆள் யாரும் கிடையாது. அடைத்த ஜன்னல்களின் வரிசையை வெளியே இருந்து இன்னும் எண்ணலாம்.